கை தூக்கியவர் மேல் வழக்குப் போடலாமா?

நண்பர்களே, வணக்கம். நகரசபை ஒரு தீர்மானம் போட்டு உங்கள் வேலையைப் பறித்துவிடுகிறது. உங்கள் மேல் இருந்த கோபம்தான் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். கை தூக்கிய கவுன்சிலரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? அமெரிக்காவில் முடியாது. 1998 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு அது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்றொரு நகரம். அங்கே சுகாதார, சமூக நலத் துறையை நிர்வகித்தவர் ஜேனட் ஸ்காட்-ஹாரிஸ். தற்காலிகமாக அவருக்குக் கீழ் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர் சக ஊழியர்களை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசுகிறார் என்று 1990இல் அவரிடம் புகார் வந்தது. அவரை வேலைநீக்கம் செய்ய ஸ்காட்-ஹாரிஸ் நடவடிக்கை எடுத்தார். அந்த ஊழியருக்கோ மேலிடத்துச் செல்வாக்கு இருந்தது. கடைசியில் 60 நாள் சம்பளமில்லா இடைநீக்கம் என்று சமரசம் ஆனது. அதையும் மேயர் போகன் வெகுவாகக் குறைத்துவிட்டார்.

அந்தப் புகார் முடிவாகாமல் இருந்தபோதே பட்ஜெட் வந்தது. மாநில நிதி குறையப்போகிறது என்று 135 பதவிகளை நீக்க மேயர் திட்டம் போட்டார். அதோடு ஸ்காட்-ஹாரிஸின் துறையையே ஒழிக்கவும் சொன்னார். அந்தத் துறையில் இருந்த ஒரே ஊழியர் ஸ்காட்-ஹாரிஸ்தான்! நகரசபையில் 6க்கு 2 என்று தீர்மானம் நிறைவேறியது. மேயர் கையெழுத்துப் போட்டார்.

நகராட்சி, மேயர், கை தூக்கிய ஒரு கவுன்சிலர் உள்ளிட்டோர் மேல் ஸ்காட்-ஹாரிஸ் வழக்குக்குப் போனது 1871ஆம் வருடச் சட்டத்தின் கீழ். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் வெறியாட்டத்திலிருந்து கறுப்பின மக்களைக் காக்க வந்த சட்டம் அது; உரிமையைப் பறிக்கும் அதிகாரிகளிடம் நஷ்டஈடு கேட்க வழி செய்கிறது. அதில் யாருக்கும் விலக்கு எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சட்டமியற்றுவோருக்குப் பழங்காலம் தொட்டு இருந்த பாதுகாப்பை அந்தச் சட்டம் தொடவில்லை என்று 1951லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று அது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு. 1998இல் ஊர் கவுன்சிலர்களுக்கும் வந்தது.

வேலை போனதற்குக் காரணம் இனப் பாகுபாடு என்ற ஸ்காட்-ஹாரிஸின் வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. அந்த ஊழியர் மேல் குற்றச்சாட்டு எழுப்பிப் பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்குப் பழிவாங்கினார்கள் என்பதை ஏற்றது. உச்ச நீதிமன்றமோ, உள்ளே என்ன எண்ணம் இருந்தது என்பதைப் பார்க்க மாட்டோம், செய்த காரியம் எப்படிப்பட்டது என்பதை மட்டும் பார்ப்போம் என்றது. வாக்களிப்பதும், பட்ஜெட் முன்வைத்துக் கையெழுத்திடுவதும் சட்டமியற்றும் வேலை. ஆகவே மேயருக்கும் அதே பாதுகாப்பு.

இது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. சொற்ப ஊதியத்துக்குப் பகுதிநேரமாக ஊர் வேலை பார்க்கிற கவுன்சிலர், ஒவ்வொரு வாக்குக்கும் வீட்டை அடகு வைக்கும் நிலை வந்தால் யார் நிற்பார்கள்? ஓர் ஊழியரை நீக்குவது நிர்வாகக் காரியம், அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பதவியையே ஒழிப்பது கொள்கை முடிவு. ஒரே ஆள் இருந்த துறையில் இந்த வித்தியாசம் எவ்வளவு மெல்லியது பாருங்கள்!

இதைவிட என்னை உறுத்துவது வேறு. தனி ஆளை விட்டாலும் நகராட்சி மேல் வழக்குப் போடலாமே என்று உச்ச நீதிமன்றம் ஆறுதல் சொல்கிறது. சரி, இங்கே நகராட்சிக்கு என்ன ஆனது? ஜூரி அதையும் பொறுப்பாக்கியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஓரிருவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததால் சபை முழுவதற்கும் இருந்ததாகாது என்பது அதன் வாதம். அந்த ஓரிருவரையோ உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. ஜெயித்த வழக்கில் ஸ்காட்-ஹாரிஸுக்குப் பணம் தர வேண்டியவர் யாருமே மிஞ்சவில்லை.