அங்குலத்துக்கு ஒரு வருஷம்

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, மரக்காலைக்காரனை மேடையேற்றினால் அவன் முதலில் பார்ப்பது காலடிப் பலகையைத்தான். பார்த்துவிட்டேன். பைனஸ் மரம். தாங்கும், நானும் அதிகம் துள்ளமாட்டேன்.

மூன்று தலைமுறையாக நாங்கள் மரம் விற்கிறோம். ஆனால் இந்தக் குடாவுக்கு மரம் தேடி வருகிற வழக்கம் எங்கள் அப்பப்பாவைவிட மிகப் பழையது. 1659 நவம்பரில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் போடத்தான் கொட்டியாரத்துக்கு வந்தார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கப்டனும் மகன் றொபேட் நொக்சும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகன் தப்பிப் போனது 1679 இல். மரத்துக்கு வந்த ஒருவர் இவ்வளவு காலம் காத்திருந்ததாக எங்கள் கடைக் கணக்கில்கூட இல்லை. (சிரிப்பு)

சாவண்டலையை எடுத்துக்கொள்ளுங்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. மதராசுக்கு அது ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரில்தான் போனது. அங்கே அலையில் இறங்கும் மசூலாப் படகுகளுக்கு அதை விரும்பி வாங்கினார்கள். பீப்பாய்க்கும் வண்டிக்கும் அதுவே. ஆனால் 1817 இல் பம்பாயில் ‘திருகோணமலை’ என்று பெயர் வைத்து ஒரு போர்க்கப்பல் கட்டினார்களே, அது மலபார்த் தேக்கு! இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது. ஊர்ப் பெயர் மட்டும் போதும், ஊர் மரம் வேண்டாம் என்று விட்டார்களே என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்.

சரி, அப்பப்பாவுக்கு வருகிறேன். அவரிடம் ஒரு சணல் கயிறு இருந்தது. மரக்குற்றியின் நடுவில் சுற்றி, அந்த நீளத்தை நாலாக மடிப்பார். சுற்றளவு 48 அங்குலம் என்றால் மடிப்பு 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. பத்தடிக் குற்றி பத்துக் கன அடி. உண்மையில் உருளைக் கணக்குப் போட்டால் பன்னிரண்டே முக்கால் வரும். பட்டையும் சிராம்பும் வாளின் வாய்க்குப் போகும் தூளும் அந்த மிச்சத்துக்குள் அடக்கம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். கயிற்றை மடிக்கும்போதே விலை சொல்லிவிடுவார்.

அரிவு வாள்குழியில். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே நிற்பவரின் கண்ணிலும் கழுத்திலும் தூள் கொட்டும். பாலை மரம் அரிந்தால் கை போகும், அவ்வளவு கடினம். தண்ணீரில் போட்டால் தாழும் மரம் அது. முதிரை அரிந்தால் தோல் போகும். அதன் தூள் பட்டுச் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துச் சொறியும். முதிரை அரியும் நாளில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குழி விளிம்பில் இருக்கும், கீழே நின்றவருக்குக் கூலியும் கூட.

அரிந்த பலகையை அவர் உடனே விற்கமாட்டார். இடைக்கட்டை வைத்து, காற்றுப் புகும்படி நிழலில் அடுக்குவார். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது கணக்கு. காய்ச்சும் கச்சான் காற்று ஒன்று, மழையோடு வரும் வாடை ஒன்று, இரண்டும் பலகையைத் தொட்டுப் போகவேண்டும். 1964 டிசம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு ஊரில் கூரை போன வீடுகள் நிறைய. விழுந்த மரங்களும் நிறைய. பச்சையாகவே அரிந்து தா என்று ஆட்கள் படலையில் நின்றார்களாம். காய்ந்த அடுக்கு முழுவதையும் கடனுக்குக் கொடுத்தார். பச்சை மரம் ஒரு துண்டும் கொடுக்கவில்லை. பெரிய பிடிவாதக்காரர் என்று அப்பாவே சொல்லுவார்.

அப்பாவின் காலம் கடதாசியின் காலம். அனுமதிப் பத்திரம், முத்திரை, மறிப்பு. லொறி கிண்ணியாத்துறையில் பாதைக்கு, அதாவது அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நிற்கும். (பாலம் வந்தது 2009 இல்.) 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது. அதற்கு முன்னரே நாங்கள் காட்டுப் பக்கம் போவது நின்றுவிட்டது, காரணம் இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறகு நட்டு வளர்த்த தேக்கும், கப்பலில் வரும் மரமும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் பிழை. சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் வீடுகளுக்கு நிலையும் கதவும் கேட்டது. உடனே வேண்டும். அடுக்கில் காய்ந்த மரம் போதவில்லை. அப்பா யோசித்தார். கூடாரத்தில் இருக்கும் சனத்திடம் அங்குலக் கணக்கு எப்படிச் சொல்வது? கொடுத்தார். நானும் கூட நின்று ஏற்றினேன். அடுத்த கச்சானில் நிலைகள் முறுக்கின. வாடையில் கதவுகள் ஊதி, சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. அப்பப்பா செய்ததுதான் சரியா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கதவே இல்லாமல் அந்தச் சனம் இன்னொரு வருஷம் இருந்திருக்க வேண்டுமா?

அப்பா சீவுளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவருக்குப் பிறகு நான். பெரும்பாலானோர் கதவை மாற்றிவிட்டார்கள். நிலாவெளியில் ஒரு அம்மா மட்டும் மாற்றவில்லை. போன கார்த்திகையும் போனேன். “வா தம்பி, கதவு உன்னைத் தேடினது” என்றார். கீழ் விளிம்பில் இரண்டு இழுப்பு. சுருள் இன்னும் ஈரமாகத்தான் வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.