நிரல் ஓடுகிறது, சரி, ஏன் ஓடுகிறது?

நண்பர்களே, ஒரு கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

1991 வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்கில் முழு எண்ணாக எண்ணும், விநாடியாக்க 0.1 ஆல் பெருக்கும். இந்த 0.1 நமக்குத்தான் சின்ன எண். இரும எண்முறையில் அதற்கு முடிவே கிடையாது, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று நீள்வதுபோல. 24 பிட்டுக்குள், அதாவது 24 இரும இலக்கங்களுக்குள், அடைக்க வாலை வெட்டினார்கள். பிழை, பத்தில் ஒரு விநாடியான ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 0.000000095 விநாடி. அணைக்காமல் 100 மணி நேரம் ஓடினால் 36 லட்சம் துடிப்பு. பெருக்கிப் பாருங்கள்: 0.34 விநாடி. அதற்குள் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25 அன்று ரேடார் தவறான இடத்தில் தேடியது. 28 படைவீரர்கள் இறந்தார்கள்.

வாலை வெட்டியதுதான் குற்றம் என்றால் பாதிதான் புரிந்திருக்கிறது. இலக்கைத் தொடரத் தேவை, இரண்டு நேரங்களின் வித்தியாசம். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் கழிக்கும்போது அநேகமாக அடிபட்டுப் போயிருக்கும். ஆனால் நேரத்தைத் துல்லியமாக மாற்றும் ஒரு துணைநிரலைப் பிறகு எழுதி, தேவைப்பட்ட எல்லா இடங்களிலும் அழைக்காமல் விட்டார்கள். ஒரு பக்கம் திருத்திய நேரம், மறுபக்கம் திருத்தாத நேரம். கழித்தால் பிழை முழுதாக நிற்கிறது!

போர்க்களம் வேண்டாம், நாம் தினம் எழுதும் நிரலையே எடுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலில் தேட நடுவிடம் வேண்டும்: (கீழ் + மேல்) / 2. கீழ், மேல் என்பவை தேடும் பகுதியின் இரு முனைகளின் இட எண்கள். பார்க்கக் குற்றமே இல்லை. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. பட்டியல் சுமார் 107 கோடி உறுப்புகளைத் தாண்டிப் பெருத்தால் கூட்டுத்தொகை அதை மீறி எதிர்ம எண்ணாகும், நிரல் விழும். ஜாவா நிரல்மொழியின் சொந்த நூலகத்திலேயே இது பல ஆண்டுகள் கிடந்து, 2006-இல்தான் வெளியே பேசப்பட்டது. கீழ் + (மேல் − கீழ்) / 2 என்று எழுதினால் தீர்ந்தது. சின்னப் பட்டியலில் டெஸ்ட் அத்தனையும் பாஸ்தான்.

உங்கள் நிரலிலும் யாரும் தொடப் பயப்படும் வரி ஒன்று இருக்கும். தனிக் கிளையில், அதாவது அசலைத் தொடாத ஒரு பிரதியில், அதை நீக்குங்கள். எந்த டெஸ்ட் உடையும் என்று முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு ஓட்டுங்கள். வேறொன்று உடைந்தால், அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம். எதுவுமே உடையாவிட்டால் வரி வீண் என்று முடிவுகட்டாதீர்கள். அதைச் சோதிக்கும் டெஸ்டை யாரும் எழுதாமலே விட்டிருக்கலாம்.