ஆச்சியின் முக்காலியும் ஆளில்லாத ஸ்டேஷனும்

(எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திடலில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மூன்று கல்யாணத்துக்கு நடுவில் இங்கே வந்திருக்கும் ஒன்றியக் கவுன்சிலர் அவர்களே, நகரத்தார் கோயில் காரியக்காரர் அவர்களே, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை அனுப்பி வைத்த தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையைப் பிடித்துவிட்ட ஆச்சிமார்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தண்டவாளம் பார்த்து ஓய்வுபெற்ற கேங்மேன் அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால், அவர் கோபித்துக்கொள்ளாத மனிதர் என்ற தைரியம்தான் காரணம்.

நோட்டீஸில் என் பெயருக்குக் கீழே இரண்டு விஷயம் போட்டிருக்கிறார்கள்: நம் ரயில்வே ஸ்டேஷனின் வரலாறு, அங்கே டிக்கெட் கொடுக்க ஆள் நியமனம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

ஒரு காலத்தில் நம்மவர்கள் ரயிலேற வேண்டுமானால் வண்டி கட்டித் திருச்சிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மானாமதுரைக்கு. மதுரையிலிருந்து மண்டபம் போகிற பாதை 1902-லேயே மானாமதுரை வழியாக வந்துவிட்டது. நமக்குத்தான் தாமதம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929-ல் தண்டவாளம் வந்தது. அடுத்த வருஷம், 1930-ல், காரைக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது. எஸ்.ஐ.ஆர். என்ற தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட குறுகலான மீட்டர் கேஜ் பாதை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்கள் கப்பலேற இந்த வழியாகத்தான் போனார்கள். பர்மாவுக்கு மதராஸ், கொழும்புக்குத் தனுஷ்கோடி. 1942-ல் பர்மாவைவிட்டுக் காடுமலை நடந்து தப்பி வந்தவர்களும் இந்த வழியாகத்தான் வீடு திரும்பினார்கள். போகும்போது டிரங்குப் பெட்டி, வரும்போது வெறுங்கை.

இப்போது எங்கள் அப்பத்தா கதை. தம்பி, மணி அடிக்காதே, இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

அப்பத்தாவுக்கு மூட்டுவலி. அன்றைக்கு நம் பிளாட்பாரம் என்றால் செம்மண் மேடுதான். ரயில் படி இடுப்பு உயரத்தில் நிற்கும். அதனால் வீட்டிலிருந்தே ஒரு தேக்கு முக்காலி கூட வரும். அதில் ஏறி அப்பத்தா பெட்டிக்குள் போவார், முக்காலி வீட்டுக்குத் திரும்பும். சாயங்காலம் வண்டி வரும் நேரத்தில் மறுபடி ஸ்டேஷனுக்கு வரும். ஒருநாள் சீடை வைத்த ஓலைக் கொட்டானை ஏற்றிவிட்ட பையன், அதே வேகத்தில் முக்காலியையும் ஏற்றிவிட்டான். அப்பத்தா காரைக்குடியில் இறங்கிவிட்டார். அங்கே நல்ல மேடை. முக்காலி மானாமதுரைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் வண்டி நம்மூரில் நிற்கிறது. அப்பத்தா வாசலில் வந்து கீழே பார்க்கிறார். "என் முக்காலி எங்கே? அது வந்தால்தான் இறங்குவேன்." கார்டு பச்சைக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எஞ்சின் ஊதுகிறது. உள்ளே இருக்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் ஓடி, தான் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கார் நாற்காலியில் கால் வைக்கலாமா?" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் விரித்தார். அப்புறம்தான் அப்பத்தா இறங்கினார்.

மறுநாள் கார்டு பெட்டியில் முக்காலி வந்து சேர்ந்தது. அடியில் சாக்கட்டியால் 'ஆச்சி' என்று எழுதியிருந்தது. கார்டுக்கு ஒரு கொட்டான் மணகோலப் பலகாரம் போனது. அதற்குப் பிறகு அந்த கார்டு வரும் நாளெல்லாம் வண்டி நம்மூரில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கும். எந்தச் சட்டத்தில் என்று கேட்காதீர்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும்!

அந்த நாற்காலியும் இல்லை, அதில் உட்கார ஆளும் இல்லை. 2007-08 வாக்கில் அகலப் பாதை வந்தபோது இரண்டாவது தண்டவாளத்தை எடுத்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டரையும் எடுத்தார்கள். இனிமேல் இது ஹால்ட், அதாவது ரயில்வே ஆள் இல்லாத சின்ன நிறுத்தம், என்றார்கள். ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் ரயில்வே ஊழியர் இல்லை, உள்ளூர் ஏஜென்ட். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் கைப்பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து விற்பார், விற்றதற்குக் கமிஷன். கமிஷன் டீச்செலவுக்குக் கட்டவில்லை என்று நம் ஏஜென்ட்டும் போய்விட்டார். ஜன்னல் மூடியது. டிக்கெட் இல்லாமல் ஏறுகிறோம், அல்லது பஸ்ஸில் காரைக்குடி போய் அங்கே எடுக்கிறோம். அந்தப் பணம் காரைக்குடிக் கணக்கு. நம் கணக்கில் சைபர். சைபரைக் காட்டி, 'இந்த ஊரில் யார் ஏறுகிறார்கள்?' என்கிறார்கள். இதற்குப் பெயர் கணக்கா? வாயில் துணியைத் திணித்துவிட்டுப் பிள்ளை அழவில்லையே என்று கேட்கிற கதை.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே ஒன்று: கமிஷனைக் கூட்டி ஒரு ஏஜென்ட்டைப் போடுங்கள். நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். போனில் ரயில்வேயின் டிக்கெட் செயலியில் நம்மூர்ப் பெயரைப் போட்டு டிக்கெட் எடுங்கள். தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எடுத்துக் கொடுங்கள். பத்து ரூபாயோ பதினைந்து ரூபாயோ, நம்மூர்க் கணக்கில் ஏறட்டும்.

மனுவில் கையெழுத்து வாங்கும் நோட்டு மேடைக்குக் கீழே, அந்த முக்காலியின் மேல்தான் இருக்கிறது. ஆம், அதே முக்காலி. பேனா கவுன்சிலருடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.