மூணு நூல் வெளியே இருக்கு!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரே நூலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு அணியினரே, வணக்கம்.

'நூல்' என்ற சொல்லுக்குப் பெருமை நெசவாளியாலா, புலவராலா, தச்சர் கொத்தனாராலா? நான் மூன்றாவது கட்சி. நூற்பதால்தான் நூல் என்றார் நெசவு அணித் தலைவி. சரி, பிறப்புச் சான்றிதழை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் தெருவில் ஒரு தமிழ் ஐயா வீடு கட்டினார். வாசல் நிலை வைக்கிற நாள். ஆசாரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, மூணு நூல் வெளியே இருக்கு" என்றார். தச்சருக்கு ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஐயாவுக்கு அது தெரியாது. வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கே, மூணையும் உள்ளே எடுத்து வையப்பா!"

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. ஆசாரி ரெண்டு தட்டு தட்டினார். "ரெண்டு நூல் உள்ளே வந்தாச்சுங்க, ஒண்ணுதான் பாக்கி." ஐயா பதறிப்போனார். "அது நன்னூலான்னு பாரு, இரவல் வாங்கினது!" இன்னொரு தட்டு. "இப்ப அரை நூல்தான் நிக்குதுங்க." "அடப்பாவி, மீதி அரையைக் கிழிச்சது யாரு?"

கடைசியில் உள்ளேயிருந்து அம்மா வந்து சொன்னார்: "அவர் சொல்றது அளவு, நீங்க சொல்றது அலமாரி!" நடுவர் ஐயா கண்ணைத் துடைக்கிறார், வேண்டுமானால் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்கிறேன்.

இன்றைக்கும் கம்பிக் கடையில் பத்து மில்லிமீட்டர் கம்பியை 'மூணு நூல் கம்பி' என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அளவுக்கே பெயரானது எங்கள் நூல். இதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நெசவு அணி அம்மையார் போகிற போக்கில் ஒரு குத்து குத்திவிட்டுப் போனாரே! "கொத்தனார் கையில் இருப்பது எங்களிடம் வாங்கின நூல். அந்த அணிக்கு நூல் விடத்தான் தெரியும்." நீங்களும் கைதட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா, நூல் விடத்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். மேலேயிருந்து குண்டு கட்டி நூல் விட்டால்தான் சுவர் நேரா, கோணலா என்று தெரியும். நீங்கள் தறியில் நீளவாட்டு நூலான பாவு நூலை இழுத்துக் கட்டுகிறவர்கள், நாங்கள் விட்டுப் பார்க்கிறவர்கள். ஊரில் மாப்பிள்ளை வீட்டார் மனசை அறிய 'நூல் விட்டுப் பார்' என்கிறார்களே, பாவு ஓட்டிப் பார் என்றா சொல்கிறார்கள்? 'நூல் பிடித்தாற்போல் நேராக' என்கிறார்களே, அது எந்தத் தறியில் பிடித்த நூல்? செங்கல் வரிசைக்கு ரெண்டு முனையிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டின எங்கள் நூல், தாயே! இந்த மேடையைத் தட்டினவரும் அந்த நூலைப் பார்த்துத்தான் தட்டினார். இல்லாவிட்டால் நீங்கள் பேசப் பேச மைக் உங்கள் பக்கமே உருண்டு வந்திருக்கும்.

புலவர் அணிக்கு ஒரே வார்த்தை. நன்னூலில் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் பாடியதைச் சொன்னீர்கள். அதோடு புத்தகத்தை மூடிவிட்டீர்களே! அதற்கு அடுத்த பாட்டிலேயே 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்' என்று எங்கள் ஆசாரியைக் கூப்பிட்டு, மனக்கோணலைத் தீர்க்கிற நூலுக்கு உவமையாக நிறுத்துகிறார். நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனைக்குக் கயிறு பிடித்து மனை வகுத்தவர்களை 'நூலறி புலவர்' என்கிறார். புலவர் பட்டமே எங்களுக்கும் உண்டு.

மணி அடிக்காதீர்கள் ஐயா, ஒரு நிமிஷம். என் அப்பா தச்சர். கைநாட்டு. நான் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தபோது கோடு போட்ட நோட்டு வாங்கக் காசில்லை. கடையில் கிடைத்த வெள்ளைத் தாளை மடித்துத் தைத்தார். அப்புறம் மரத்துக்கு அடிக்கிற நூலையே எடுத்து, காவியில் தோய்த்து, ஒரு முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நடுவில் சுண்டினார். தாளில் சிவப்பாய் ஒரு கோடு. அப்புறம் இன்னொன்று. பக்கம் பக்கமாக அடித்தார். "இதுக்கு மேல எழுது, கோணாது" என்றார். அந்தக் கோட்டின்மேல்தான் நான் 'அ' எழுதினேன். நான் எழுதினதை அவரால் கடைசி வரைக்கும் படிக்க முடியவில்லை.

தறிக்காரர் நூற்ற நூல்தான் அது, இல்லை என்று சொல்லவில்லை. தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. இனி மணி அடிக்கலாம். வணக்கம்.