பேட்டரி இல்லை, அதனால் காபி இல்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நகரவாசிக்கு ஏற்றது காபியா டீயா என்ற இந்தப் பட்டிமன்றத்தில், டீதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "காபி போடத் தெரியாதவன்தான் டீ குடிப்பான்." நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், என் நண்பன் ஞாபகம் வந்துவிட்டது.

காபி போடத் தெரிந்தவன் அவன். கடைக்குப் போனால் கொட்டை அராபிகா வகையா ரோபஸ்டா வகையா, எந்த மலை, எந்தத் தேதியில் வறுத்தது என்று பாக்கெட்டைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பான். ஒரு நாள் "காபி குடிக்க வா" என்றான். போனேன். கொட்டையைத் தராசில் வைத்தான். தராசில் பேட்டரி தீர்ந்திருந்தது! "அளக்காமல் எப்படிப் போடுவது?" என்று பேட்டரி வாங்க ஓடினான். நடுவர் அவர்களே, கவனியுங்கள். கொட்டை இருக்கிறது, தண்ணீர் கொதிக்கிறது, குடிக்க நான் இருக்கிறேன். காபி இல்லை. ஏன்? பேட்டரி இல்லை! அதற்குள் அவன் மனைவி டீ போட்டுக் கொடுத்து, நான் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்தாயிற்று. மூச்சிரைக்க வந்தவன் கேட்டான்: "டீ மிச்சம் இருக்கா?"

அண்ணே, போடத் தெரிந்தவன் கதி இது!

சரி, கணக்கு. ஒரு கப் டீக்குத் தூள் 2 கிராம் போதும். வடிகட்டும் காபிக்கு 10 கிராமாவது வேண்டும். கிலோவுக்கு அங்கே 100 கப், இங்கே 500. அப்புறம் வரலாறு. 1675-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காபிக் கடைகளை மூடச் சொன்னார், அங்கே உட்கார்ந்து அரசைத் திட்டுகிறார்கள் என்று. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கிவிட்டார். ஆனால் அந்த உத்தரவில் டீக்கும் தடை இருந்தது. வாய் காபிக்காரருடையது, தண்டனை எங்களுக்குமா?

ஒன்று சொல்லிவிட்டு உட்கார்கிறேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் 11 நாள் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தவன் நான். மூன்றாம் நாள் காவலாளிப் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார். அப்புறம் தினமும் அப்படித்தான். கடைசி நாள் எனக்கென்று வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டு வந்திருந்தார்.

"அதில் காபி இருந்திருந்தால்?" என்று அண்ணன் கேட்பார். இருந்திருக்கலாம் அண்ணே. டீதான் இருந்தது.