ஏட்டுச் சுரைக்காயும் பூட்டிய நூலகமும்

(நியூ ஜெர்சியில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பிப்ரவரிக் கூட்டத்தில் கறுப்பின வரலாற்றையும் பள்ளி நூலகத்தையும் பற்றிப் பேசியது. மைக் பாதியில் மக்கர் பண்ணியதால் பின்வரிசையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னவர்களுக்காக எழுதித் தருகிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். பனியையும் பொருட்படுத்தாமல் வந்து தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் மைக் வாடகையை என்னிடம் கேட்பார்), நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் டவுன்ஷிப் கவுன்சிலர் அவர்களே, இந்த ஹாலை வருடாவருடம் குறைந்த வாடகைக்குத் தந்து நம் சாம்பார் வாசனையையும் பொறுத்துக்கொள்ளும் பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவு நூலகர் அம்மையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். அம்மையார் காதில் என் மகள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். தப்பாகச் சொன்னால் அவளை வீட்டில் கவனித்துக்கொள்கிறேன். அப்புறம், சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருக்கும் தன்னார்வலர்களையும் மறக்கக் கூடாது, இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவர்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்குக் கொடுத்த 20 நிமிடத்தில் 4 நிமிடம் போய்விட்டது. மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். கறுப்பின மக்களின் வரலாறு இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்தது, நம் பிள்ளைகள் பள்ளி நூலகத்தில் அதை எப்படித் தேடிப் படிப்பது, பெற்றோர்கள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் என்ன செய்யலாம். பார்ப்போம்.

மாயவரத்தில் என் பாட்டி பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். நான் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் போதும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி, எழுந்து வந்து தேங்காய் துருவு" என்பார். பாட்டி போய் எத்தனையோ வருடமாகிறது, நான் இன்னும் மனத்துக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கறிக்கு உதவாது, சரி. ஆனால் ஏட்டிலும் எழுதாமல், கொல்லையிலும் காய்க்கவிடாமல் ஒழித்துவிட்டால் அப்படி ஒரு காய் இருந்ததையே யார் அறிவார்கள்? இந்த நாட்டில் ஒரு இனத்துக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

கார்ட்டர் உட்சன் என்று ஒருவர். 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு 20 வயதில்தான் ஹைஸ்கூலில் சேர்ந்தார். இங்கே ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு அழும் பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். அந்த மனிதர் 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர்களில் டு பாய்ஸ் என்ற அறிஞருக்கு அடுத்து இரண்டாவது ஆள். 1915இல் சிகாகோவில் தன் மக்களின் வரலாற்றை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார், 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்றுக்காக ஒரு வாரம் குறித்தார். பிப்ரவரி ஏன் என்றால் லிங்கன் பிறந்தநாள் 12ஆம் தேதி, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து நாட்டையே உலுக்கிய ஃப்ரெடரிக் டக்ளஸுக்கு 14ஆம் தேதி கொண்டாடுவார்கள், இரண்டையும் மக்கள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் மாதமானது 1976இல். நாள் குறித்ததோடு உட்சன் ஓய்ந்துவிடவில்லை, ஆசிரியர்களுக்குப் படங்களும் பாடக் குறிப்புகளும் அனுப்பினார், 1937இல் பள்ளிகளுக்கென்றே ஒரு இதழ் தொடங்கினார். விழா வேறு, ஏடு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நியூயார்க்கில் ஹார்லெமில் 135ஆம் தெரு நூலகம், இங்கிருந்து ரயில் ஏறினால் போய்விடலாம். அங்கே அகஸ்டா பேக்கர் என்ற குழந்தைகள் நூலகர், கறுப்பினக் குழந்தைகளைக் கேலிச்சித்திரமாகக் காட்டாத புத்தகங்களை மட்டும் பொறுக்கி எடுத்து 1939இல் ஒரு தனித் தொகுப்பு ஆரம்பித்தார். இல்லாததையா பொறுக்க முடியும் என்று கேட்பீர்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் எண்ணிப் பார்த்து எழுதினார். 1962 முதல் 1964 வரை மூன்று வருடத்தில் வெளியான 5,206 குழந்தைகள் புத்தகங்களில் ஒரு கறுப்பின முகமாவது இருந்தவை வெறும் 349. அவரை எண்ண வைத்தது நர்சரிப் பள்ளியில் ஐந்து வயது கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி, படத்தில் இருப்பவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று.

இப்போது ஒரு கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தென் கரோலினாவில் லேக் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். 1959. ரொனால்டு மெக்நேர் என்று ஒரு பொடியன், ஒன்பது வயது என்று அவன் அண்ணன் பின்னால் சொல்லியிருக்கிறார். அப்பா கார் மெக்கானிக், அம்மா டீச்சர். ஒருநாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு மைல் தூரம் நடந்து ஊர்ப் பொது நூலகத்துக்குப் போகிறான். பெயர்தான் பொது நூலகம், கறுப்பினத்தவருக்கு அங்கே புத்தகம் கிடையாது. உள்ளே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நம்ம ஊரில் சில தெருக்களில் செருப்புப் போட்டு நடந்தவனைப் பார்த்தார்களே, அந்தப் பார்வையை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. தனக்கு வேண்டிய அறிவியல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான். அவன் முறை வந்ததும் நூலகர் அம்மாள் இது உங்கள் ஆட்களுக்கான இடம் இல்லை என்கிறார். இவன், எனக்கு இந்தப் புத்தகங்கள் வேண்டும் என்கிறான். நீ இப்போது போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார் அவர். நம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அழுதிருப்பார்கள், நானாக இருந்தால் நான்தான் முதலில் அழுதிருப்பேன். இவன் எக்கி அந்த கவுண்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சரி, காத்திருக்கிறேன் என்றான்.

போலீஸுக்கும் போன் போயிற்று, வீட்டுக்கும் போயிற்று. வாட்டசாட்டமாக இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். எங்கே கலாட்டா என்று கேட்கிறார்கள். நூலகர் கையைக் காட்டுகிறார். பார்த்தால் மேஜை மேல் ஒரு பொடியன்! இதற்கிடையில் அம்மா ஓடி வருகிறார், ஆண்டவரே என் பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வருகிறார். 1959இல் தெற்கே அந்த பயம் வீண் பயம் கிடையாது, அதற்கு நான்கு வருடம் முன்னால்தான் பக்கத்து மாநிலங்கள் தாண்டி மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். அம்மா வந்து என்ன விஷயம் என்று கேட்கிறார், நூலகர் விஷயத்தைச் சொல்கிறார். அப்போது அந்தப் போலீஸ்காரர்களில் ஒருவர் சொன்னார் பாருங்கள், அட, புத்தகத்தைக் கொடுத்துத்தான் தொலையுங்களேன் என்று. அம்மா, பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்றார். புத்தகம் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டவனிடம் அம்மா, என்ன சொல்லணும் என்று கேட்டார். தேங்க் யூ மேடம் என்றான். (இந்த இடத்தில் கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. முதல்வர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.)

அந்தப் பொடியன் 1976இல் எம்.ஐ.டி.யில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினான். இனி வாங்கினார் என்று சொல்ல வேண்டும். 1978இல் நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது, 1984இல் விண்வெளிக்குப் போய் வந்தார், சாக்ஸபோன் வேறு வாசிப்பார். 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடியில் வெடித்ததே, அதில் போன ஏழு பேரில் அவரும் ஒருவர். அவர் உட்கார்ந்து அடம்பிடித்த அந்த நூலகக் கட்டடம் 2011இல் அவர் பெயரிலேயே நினைவகமாகத் திறக்கப்பட்டது. பாட்டி, கேட்டுக்கொள்ளுங்கள், ஏட்டுச் சுரைக்காய் விண்வெளி வரைக்கும் போயிருக்கிறது.

இன்னொரு பெயர், கிளாடெட் கால்வின். பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தவர் என்றால் நமக்கெல்லாம் ரோசா பார்க்ஸ்தான் தெரியும். அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 1955 மார்ச் 2, அதே அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் 15 வயதுப் பள்ளி மாணவி கால்வின் எழுந்திருக்க மறுத்துக் கைதானார். ஏன் அன்றைக்கு? அதற்கு முந்தைய பிப்ரவரியில்தான் பள்ளியில் கறுப்பின வரலாறு படித்திருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி மற்றவர்களின் விடுதலைக்கும் போராடிய பெண்கள் இருவர், ஒரு தோளில் ஹேரியட் டப்மனும் இன்னொரு தோளில் சோஜர்னர் ட்ரூத்தும், கையை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். பேருந்தில் இனப் பாகுபாட்டை ஒழித்த வழக்கில் அவரும் ஒரு வாதி. இதற்கு மேல் என்ன கறி வேண்டும்?

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒரு அண்ணன் போன வாரம் பார்க்கிங்கில் கேட்டார். அண்ணா, 1946 சட்டப்படி இந்தியா முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம். அந்தக் கதவைத் திறந்தது 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டம், அதுவும் இதோ இங்கே சுதந்திர தேவி சிலையின் காலடியில். தோலைப் பார்த்து உரிமை தரக் கூடாது என்று அடிபட்டு, சிறைப்பட்டு, உயிரையும் விட்டு அந்த மக்கள் நடத்திய போராட்டம் உண்டாக்கிய காற்றில்தான் அந்தச் சட்டமும் வந்தது. நாம் ஐ.டி. படித்ததால் வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன், பொருளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பள்ளி நூலகத்தில் பிப்ரவரி வந்தால் ஒரு மேஜை போடுவார்கள். மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், டப்மன். மார்ச் முதல் தேதி எல்லாம் உள்ளே போய்விடும். நவராத்திரி முடிந்ததும் கொலு பொம்மையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைப்போமே, அதே கதை. என் மகளுக்குப் போன வருடம் நியூ ஜெர்சிக்காரர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. நான் பால் ராப்சன் என்றேன். 1898இல் பிரின்ஸ்டனில் பிறந்தவர், அப்பா அடிமையாக இருந்து தப்பி வந்து போதகரானவர், மகன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கக் கால்பந்தும் ஆடி, பின்னால் உலகம் முழுக்கப் பாடியவர், பேசிய பேச்சுக்காக 1950இலிருந்து எட்டு வருடம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். பள்ளி நூலகத்துக்குப் போனாள். பூட்டு. இப்போதெல்லாம் அங்கே வாரத்தில் இரண்டு நாள்தான் திறப்பு, அதுவும் உதவியாளர் ஒருவர் வந்து, திரும்ப வரும் புத்தகத்தை வாங்கி வைப்பார், அவ்வளவுதான். முறையாகப் படித்த நூலகர் ஓய்வுபெற்றபோது அந்த இடத்தை நிரப்பவில்லை.

அப்புறம் பொது நூலகத்துக்கு அழைத்துப்போனேன். இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, இவர் ராப்சன் புத்தகத்தை மட்டும் எடுத்துத் தரவில்லை. அது பிடித்தால் இதையும் பார் என்று நம் மாநிலத்தில் அடிமைமுறை இருந்ததைப் பற்றி இன்னொன்றைக் கையில் வைத்தார். அதுவரை என் மகளுக்கு அடிமைமுறை என்றால் தெற்கத்திச் சமாச்சாரம். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட நியூ ஜெர்சியில் 18 அடிமைகள் இருந்தார்கள் என்று அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எனக்கே பாடம் எடுத்தாள். கூகுளில் வராதா என்று கேட்காதீர்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் கூகுள். எங்கள் மாயவரத்துக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று 1931லேயே விதி எழுதி வைத்தார், அமெரிக்க நூலகர்களும் அதைப் படிக்கிறார்கள். அந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு ஆள் வேண்டாமா? தரகர் இல்லாமல் நம் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறதா?

நியூ ஜெர்சியில் 2002லிருந்து சட்டமே இருக்கிறது, அமிஸ்டாட் சட்டம் என்று பெயர். 1839இல் தங்களைக் கடத்திச் சென்ற கப்பலையே கைப்பற்றி, வழக்காடி, 1841இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விடுதலை வாங்கிய ஆப்பிரிக்கர்களின் நினைவாக வைத்த பெயர். கறுப்பின வரலாற்றைப் பாடத்திட்டத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. பாட்டி இருந்திருந்தால், இதைத்தான்டி நான் ஏட்டுச் சுரைக்காய் என்று சொன்னேன் என்பார். இந்த ஒரு இடத்தில் பாட்டி சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது விஷயமான ஆன்லைன் பற்றிப் பேச நேரமில்லை, வடை ஆறுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். மார்ச்சில் பள்ளி போர்டின் பட்ஜெட் கூட்டம் வருகிறது. நூலகர் பணியிடத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. போன வருடம் நானும் ஒரு சீன அம்மாவும் இரண்டு கறுப்பினத் தாய்மார்களும் மட்டும் போயிருந்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினோம், நன்றி, குறித்துக்கொண்டோம் என்றார்கள். புதிய தரைவிரிப்புக்குப் பணம் ஒதுக்கினார்கள். இந்த ஹாலில் இன்றைக்கு நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கிறீர்கள். இதில் பாதிப் பேர் அங்கே வந்து சும்மா உட்கார்ந்தாலே போதும், பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் எவ்வளவு நேரம் பேசுவேன் என்று பொருளாளருக்குத் தெரியும். கவுன்சிலர் அவர்களும் வருவதாகத் தலையாட்டினார், நான் பார்த்தேன், மகளும் சாட்சி.

கையெழுத்துத் தாள் வடை மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சட்னியை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, கொண்டுவந்தவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். வணக்கம்.