அப்பாவின் பஜெரோவா, தங்கச்சியின் விட்ஸா?

வணக்கம் மக்களே! திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நிற்கிறேன். பின்னால் பாருங்கள், பெரியது அப்பாவின் 1996 பஜெரோ ஜீப். அதன் நிழலில் ஒதுங்கி நிற்பது தங்கச்சியின் சின்னக் கார், 2018 விட்ஸ். ஒன்றை விற்றே ஆக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் ஒரு கிழமையாக இரண்டையும் மாறி மாறி ஓடிப் பார்த்தேன்.

டவுனுக்குள் பஜெரோ பெரிய பாடு. மீன் வாங்கப் போய், நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினேன். கோட்டை வாசலில் 1675 என்று பொறித்திருக்கும் அல்லவா, அதற்குள் நுழையும்போது இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பின்னால் ஹோர்ன் அடிக்க, முன்னால் ஒரு மான் நகராமல் என்னையே பார்க்கிறது. விட்ஸில் போன அன்று அந்த மான் திரும்பியும் பார்க்கவில்லை.

விட்ஸுக்கும் குறை இருக்கிறது. சந்தியில் நின்றால் என்ஜின் தானாகவே நின்றுவிடும், கூடவே ஏசியின் குளிரும் போய்விடும். நம் ஊர் வெயிலில் அது சரிவருமா? ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தி அதை நிறுத்தி வைக்கிறேன். அப்புறம், மாலையில் கந்தளாய் தாண்டி, யானைகள் றோட்டுக்கு வரும் ஹபரணைப் பக்கம் போனேன். பஜெரோவில் இருந்து பார்த்தால் யானை, விட்ஸில் இருந்து பார்த்தால் நான்கு கால்!

எண்ணெய்க் கணக்கு உங்களுக்கே தெரியும். விட்ஸுக்கு 996 சிசி, 42 லீற்றர் டாங்க். பஜெரோவுக்கு 2.8 லீற்றர் டீசல் என்ஜின், 92 லீற்றர் டாங்க். 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றிருந்தபோது தங்கச்சி அதற்குள்ளேயே வேலைக்குப் போய் வந்தாள். அப்பா கிடைத்த டீசலை அவசரத்துக்கென்று வைத்துக்கொண்டு, ஜீப்பை வாசலில் நிறுத்தித் தினமும் துடைத்தார். மேலே மட்டும்.

கமராவைக் கீழே கொண்டுபோகிறேன், பாருங்கள். இந்த மொடலில் மேலே இருக்கும் பொடி தனி, அதைத் தாங்கும் சேசி என்ற இரும்புச் சட்டம் தனி. பின் சக்கரத்துக்கு உள்ளே, இதோ. ஸ்குரூ டிரைவரால் தட்டினால் அப்பளம் மாதிரி உதிர்கிறது. ஒரு கராஜில் காசு வாங்கிக்கொண்டு கறுப்புப் பூச்சு அடித்துத் தந்தார்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். உப்புக் காற்று உள்ளே இருந்தே தின்றிருக்கிறது.

எண்ணெய்ச் செலவைப் பார்த்து நான் இதை விற்கச் சொல்லமாட்டேன். என்ஜின் இன்னும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இந்தச் சேசியை நம்பி அம்மாவை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போக எனக்குத் துணிவில்லை. விட்ஸ்தான் வீட்டோடு இருக்கும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, யாரும் போட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு நிமிடம், தங்கச்சி கூப்பிடுகிறாள். விட்ஸின் முன் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்துவிட்டதாம். சரி, பஜெரோவை நாலு சக்கரமும் இழுக்கும் போர் வீலில் போட்டு இழுக்க வேண்டியதுதான். பின் கொக்கி அந்தத் துருப்பிடித்த இடத்தில்தான் இருக்கிறது. கயிற்றை முன்னால் கட்டி ரிவர்ஸில் இழுக்கிறேன். கமராவை ஓப் பண்ணுகிறேன், வருகிறேன் மக்களே.